ஹெட்செட்டுக்குச் சொந்தமாக யுஐ ஃபிரேம்வொர்க் எழுதுகிறேன்: எங்கே தொடங்குவது, உடைகிற தமிழை என்ன செய்வது?

சிப்புட்_பையன்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். கோவிட் காலத்தில் கோலாலம்பூரை விட்டு வீட்டோடு வந்துவிட்டேன், ஃபிளட்டரில் கைப்பேசிச் செயலி எழுதுவதுதான் பிழைப்பு. இப்போது ஒரு சின்ன நிறுவனம் செம்பனைத் தோட்டங்களுக்கு வி.ஆர் பயிற்சி செய்ய என்னைக் கூப்பிட்டிருக்கிறது. எந்தக் குலை பழுத்தது, எது காய், மட்டை விழும் பக்கத்தில் ஏன் நிற்கக் கூடாது, மின்கம்பி பக்கத்தில் கழியைத் தூக்கினால் என்ன ஆகும், இந்த மாதிரிப் பாடங்கள்.

பாடம் எழுதுவது வேறு இரண்டு பேர். என் வேலை அதற்கு அடியில் இருப்பது. ஹெட்செட்டை மாட்டினால் நேராக எங்கள் முகப்பு வர வேண்டும், கடை, விளம்பரம் எதுவும் கண்ணில் படக் கூடாது. மொழித் தேர்வு, பாடப் பட்டியல், ஒலி அளவு, மதிப்பெண் பக்கம், அப்புறம் அந்த இரண்டு பேரும் எடுத்துப் பயன்படுத்த பொத்தான், பலகை, பட்டியல் எல்லாம் ஒரே அச்சில். சுருக்கமாகச் சொன்னால் ஒரு குட்டி ஓஎஸ்ஸுக்கு யுஐ ஃபிரேம்வொர்க்.

கருவி ஆண்ட்ராய்டில் ஓடும் தனி ஹெட்செட், ஓபன்எக்ஸ்ஆர் (பல ஹெட்செட்டுகளுக்குப் பொதுவான நிரல் இடைமுகம்) ஆதரவு உண்டு. முதல் மாதிரியை யூனிட்டி கேம் எஞ்சினில், எழுத்து வரையும் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ வைத்துச் செய்தேன். "தேர்வு" என்று போட்டால் ஏகாரக் கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. "தொடங்கு" இன்னும் மோசம். எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் அதே கதைதான். எழுத்துகள் மங்கலாகவும் இருக்கின்றன, தலையைக் கொஞ்சம் அசைத்தால் மெய்யெழுத்தின் புள்ளிகள் மினுக்கு மினுக்கு என்கின்றன. தமிழ் மட்டும் இல்லை, வெட்டு வேலையில் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்து ஆட்கள், அதனால் வங்காளமும் தேவநாகரியும் வேண்டும்.

கேட்க வந்தது இதுதான்: சொந்தமாக எழுதுவது முட்டாள்தனமா? எழுதினால் எதில் இருந்து தொடங்குவது? நான் பொத்தான், ஸ்லைடர், ஸ்குரோல் என்று விட்ஜெட் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன்.

---

பாயான்_நிழலி

தம்பி, அந்த விட்ஜெட் பட்டியலை மூடி வை. பொத்தான் கடைசியில் வரும் வேலை. ஹெட்செட்டில் ஃபிரேம்வொர்க் என்றால் முதலில் தீர்க்க வேண்டியது மூன்று: பிக்சலை யார் வரைகிறார்கள், அளவை எதில் அளக்கிறாய், விரல் யாருக்குச் சொந்தம். இது மூன்றும் சரியாக இருந்தால் பொத்தான் ஒரு வார இறுதி வேலை. தப்பாக இருந்தால் பொத்தானை எத்தனை அழகாகச் செய்தாலும் குப்பைதான்.

மங்கலில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதன் காரணம் தெரிந்தால் பாதி வடிவமைப்பு தானாக வந்துவிடும். நீ இப்போது பலகையை ஒரு டெக்ஸ்சரில் (3டி பரப்பில் ஒட்டும் படம்) வரைந்து, அதை 3டி காட்சிக்குள் ஒட்டி, அந்தக் காட்சியைக் கண் பஃபரில், அதாவது ஒவ்வொரு கண்ணுக்குமான படத்தில், வரைகிறாய். அப்புறம் சிஸ்டம் கம்பாசிட்டர் அந்தக் கண் பஃபரை எடுத்து லென்ஸ் வளைவுக்கு ஏற்பத் திருத்தி, தலை கடைசியாக எங்கே இருக்கிறது என்று பார்த்து நகர்த்தித் திரைக்கு அனுப்புகிறது. ஆக உன் எழுத்து இரண்டு முறை மறுமாதிரி எடுக்கப்படுகிறது (பிக்சல்கள் புது இடத்துக்குக் கலந்து கணக்கிடப்படுகின்றன), ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைகிறது. ஓபன்எக்ஸ்ஆரில் இதற்கென்றே குவாட் லேயர் (தட்டையான பலகை), சிலிண்டர் லேயர் (வளைந்த பலகை) என்று இருக்கின்றன. பலகையின் டெக்ஸ்சரையும், அது உலகத்தில் எங்கே நிற்கிறது என்பதையும் நேராகக் கம்பாசிட்டரிடம் கொடுத்துவிடலாம். ஒரே முறைதான் மாதிரி எடுக்கும். எழுத்தில் உள்ள வித்தியாசம் கண்ணாடி துடைத்துப் போட்ட மாதிரி தெரியும்.

இன்னொரு லாபம். 72 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 13.9 மில்லிவினாடி, 90 என்றால் 11.1. பாடக் காட்சி கனமாகி அந்த நேரத்துக்குள் முடியாமல் போனாலும் குவாட் லேயரில் இருக்கும் பலகை கம்பாசிட்டரின் வேகத்தில் சீராக நிற்கும், நடுங்காது. பலகையில் ஒன்றும் மாறவில்லை என்றால் அதை மறுபடி வரையவே வேண்டாம், கடைசியாக விடுவித்த படத்தையே கம்பாசிட்டர் காட்டிக்கொண்டிருக்கும். மொழித் தேர்வுப் பக்கம் சும்மா நிற்கும் நேரமெல்லாம் உன் பக்கம் வேலை ஏறக்குறைய பூஜ்யம். நம் ஊர் வெயிலில் ஹெட்செட் சூடேறாமல் இருக்க இது சின்ன விஷயம் இல்லை. அதனால் ஃபிளட்டர் மாதிரி மாறிய இடத்தை மட்டும் குறித்து வைத்து வரைகிற முறை இங்கே நன்றாகப் பொருந்தும். ஒவ்வொரு ஃபிரேமிலும் முழு யுஐயையும் எழுதிக் காட்டும் இமீடியட் முறை, ஸ்டீரியோகிட் என்ற நூலகம் அப்படித்தான், எழுதச் சுலபம், சோதனைக்குப் பிரமாதம், ஆனால் உன் தேவைக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

குவாட் லேயரின் தொல்லை ஒன்று உண்டு. லேயர்கள் ஆழம் பார்த்து அடுக்கப்படுவதில்லை, கொடுத்த வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பலகையை மேலே போட்டால் கை பலகைக்கு முன்னால் இருந்தாலும் பின்னால் போன மாதிரி மறைந்துவிடும், பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும். வழி: பலகையைக் கீழ் லேயராகக் கொடு, உன் 3டி காட்சியில் அதே இடத்தில் ஒளிபுகும் ஓட்டை போடு. கை அந்த ஓட்டைக்கு முன்னால் வழக்கம்போல வரையப்படும். எல்லாரும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

இப்போது தமிழ். டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ யூனிகோடு குறிகளை வந்த வரிசையில் வரைகிறது, அவ்வளவுதான். ே நினைவகத்தில் மெய்க்குப் பின்னால் இருக்கும், வரையும்போது முன்னால் வர வேண்டும். ொ ஒரே குறி, ஆனால் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். இந்த வேலைக்குப் பெயர் ஷேப்பிங், அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். எழுத்துருவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. வங்காளத்திலும் தேவநாகரியிலும் கூட்டெழுத்து வேறு இருக்கிறது, அங்கே ஷேப்பிங் இல்லாமல் ஒரு வரிகூடத் தேறாது.

ஆனால் நீ ஹார்ஃப்பஸ்ஸை இழுத்துக் கட்டவே தேவையில்லை. உன் ஹெட்செட் ஆண்ட்ராய்டு. ஓபன்எக்ஸ்ஆரில் ஆண்ட்ராய்டு சர்ஃபேஸ் ஸ்வாப்செயின் என்று ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இருக்கிறது, உன் கருவி அதைத் தருகிறதா என்று பார். அது ஒரு சர்ஃபேஸைக் கையில் கொடுக்கும், அதில் நீ சாதாரண ஆண்ட்ராய்டு கேன்வாஸால் வரையலாம், அது நேராகக் குவாட் லேயரில் போய் நிற்கும். ஆண்ட்ராய்டின் எழுத்து இயந்திரத்துக்குள் ஹார்ஃப்பஸ் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது. கைப்பேசியில் தமிழ் எப்படி ஒழுங்காகத் தெரிகிறதோ அதே ஒழுங்கு, அதே வரி உடைப்பு. மங்கலும் உடைவும் ஒரே அடியில் போகும்.

மினுமினுப்புக்கு: உன் பலகை டெக்ஸ்சர் எத்தனை பெரியது? 4கே வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். குவெஸ்ட் 3 மாதிரிக் கருவியில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 25 பிக்சல்தான். கண்ணுக்கு 40 பாகை அகலம் தெரிகிற பலகைக்கு 1000 பிக்சல் சொச்சம் போதும். மிப்மேப் (முன்கூட்டியே சிறிதாக்கி வைத்த பிரதிகள்) இல்லாமல் 4 மடங்கு அதிகமாகக் கொடுத்தால் மாதிரி எடுக்கும்போது புள்ளி ஒரு ஃபிரேமில் சிக்கும், அடுத்ததில் தப்பும். நீ பார்த்த மினுக்கு அதுதான்.

அளவு பற்றி: பிக்சல், டிபி (ஆண்ட்ராய்டின் திரை அலகு) எல்லாவற்றையும் மறந்துவிடு. கூகுளின் டேட்ரீம் வி.ஆர் ஆட்கள் 2017-இல் டிஎம்எம் என்று ஒன்றைச் சொன்னார்கள், 1 மீட்டர் தூரத்தில் 1 மில்லிமீட்டர், 2 மீட்டரில் 2 மில்லிமீட்டர். அதாவது கோண அளவு. பலகையை எங்கே நகர்த்தினாலும் கண்ணுக்கு அதே அளவு. இதை அடிப்படை அலகாக வை. ரோமன் எழுத்துக்கு 20 முதல் 24 டிஎம்எம் வைத்து ஓட்டுகிறார்கள். தமிழுக்கு நான் 30-க்குக் கீழே இறங்க மாட்டேன். கைப்பேசியை ஒரு சாண் சொச்சம் தள்ளிப் பிடித்தால் ஒரு பாகைக்கு 80 பிக்சலுக்கு மேல் இருக்கும், இங்கே 25. ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் சின்ன அளவில் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும், "கண்" என்றா "கன்" என்றா படிக்கிறவன் ஊகிக்க வேண்டியதுதான்.

---

கோப்பிக்கடை_லினக்ஸ்

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் "குட்டி ஓஎஸ்" என்ற எண்ணத்தையே கேள்வி கேட்க வேண்டும் லா.

அந்த ஹெட்செட்டில் ஓஎஸ் உன்னுடையது இல்லை. ஒரு நேரத்தில் ஒரு முழுத்திரைச் செயலிதான் கவனத்தில் இருக்கும். உன் முகப்பு ஒரு செயலி, பாடம் இன்னொரு செயலி என்று பிரித்தால், பாடம் திறந்த உடனே முகப்பு தூங்கிவிடும், அதன் ஒலி அளவுப் பலகையைப் பாடத்தின் மேல் காட்ட உனக்கு அதிகாரமே கிடையாது. சிஸ்டம் மெனு மட்டும்தான் அப்படி மேலே வர முடியும், அது வந்தால் உன் செஷன் கவனத்தை இழந்து கை உள்ளீடும் நின்றுவிடும். ஆகவே நீ எழுதுவது ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் சேர்க்கும் ஒரு நூலகம். இல்லையென்றால் எல்லாப் பாடமும் ஒரே செயலிக்குள். முகப்பு நேராக வருவது நிறுவன உரிமத்தில் கிடைக்கும் கியாஸ்க் முறையின் (கருவியை ஒரே செயலியில் பூட்டி வைப்பது) வேலை, அதற்கும் யுஐ ஃபிரேம்வொர்க்குக்கும் சம்பந்தம் இல்லை.

நிஜமாகவே ஓஎஸ் பக்கம் ஆசை இருந்தால் கணினியில் மொனாடோவை (திறமூல ஓபன்எக்ஸ்ஆர் இயக்கி) ஏற்றி அதன் மேல் ஸ்டார்டஸ்ட்எக்ஸ்ஆர் என்ற டிஸ்ப்ளே சர்வரைப் போட்டு ஓட்டிப் பார். பல செயலிகள் ஒரே வெளியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், சர்வர் நடுவில் இருந்து கையைப் பங்கிட்டுக் கொடுக்கும். படிக்க அருமையான நிரல். ஆனால் சம்பளம் வருகிற வேலைக்கு? கோடோ 4 என்ற கேம் எஞ்சினை எடு. எழுத்துக்கு உள்ளேயே ஹார்ஃப்பஸ் இருக்கிறது, தமிழ் உடையாது, 4.3-இல் இருந்து குவாட் லேயரும் தயார் பாகமாகவே (நோடு) இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டே எம்ஆர்டிகே என்ற யுஐ கருவித்தொகுப்பு, ஹோலோலென்ஸ் என்ற ஹெட்செட் என்று வருஷக் கணக்கில் உழைத்துவிட்டு 2024-இல் ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பை நிறுத்திவிட்டது. நீ ஒருத்தன் எழுதும் ஃபிரேம்வொர்க்கை உனக்கு அப்புறம் யார் பார்த்துக்கொள்வார்கள்?

---

மண்டோர்_மகள்

நிரல் எழுதத் தெரியாது, ஆனால் கோலக்கங்சார் பக்கத் தோட்டங்களில் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறேன், போன வருஷம் ஒரு நிறுவனம் கொண்டுவந்த வி.ஆர் பாடத்தை ஆட்களுக்கு மாட்டி விட்டவள் நான்தான். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன் தம்பி, உங்களுக்கு உதவுமா பாருங்கள்.

அந்த ஆட்கள் விடியற்காலையில் இருந்து கழியைத் தூக்கி அண்ணாந்து வெட்டிவிட்டு மதியம் மண்டபத்துக்கு வருகிறவர்கள். அவர்களுக்குக் கண் மட்டத்தில் பலகையை வைத்துக் கையை நீட்டிக் குத்தச் சொன்னால் நான்காவது கேள்வியிலேயே கை கீழே இறங்கிவிடுகிறது. பலகை நெஞ்சு மட்டத்தில், கொஞ்சம் சாய்ந்து, முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கும்படி வந்தால் பரவாயில்லை. அதிலும் உயரம் குறைந்தவருக்குப் பின் உயரமானவர் போட்டால் பலகை முன்னவருக்கு வைத்த இடத்திலேயே நின்றது. ஒவ்வொருத்தருக்கும் நான் போய் பொத்தானை அழுத்தி நேராக்க வேண்டியிருந்தது.

பெரிய குழப்பம் ஹெட்செட்டைக் கைமாற்றும்போதுதான். பாதியில் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். "வெளியேறு" பொத்தானை யாரும் தேடுவதில்லை, ஏன் தேட வேண்டும், கழற்றினால் முடிந்தது என்றுதான் நினைப்பார்கள். ஒருத்தர் மதிப்பெண் இன்னொருத்தர் பெயரில் விழுந்து, மேனேஜருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மொழித் தேர்வுக்குக் கொடி போட்டிருந்தார்கள். இந்தியக் கொடியை அழுத்தினால் இந்தி வந்தது. எங்கள் மாணிக்கம் தாத்தா கழற்றி வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டார். மொழிப் பெயரை அந்தந்த எழுத்தில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குரல் வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் உட்காருகிறார்கள்.

அப்புறம் மண்டபம். தகரக் கூரை, இரண்டு டியூப் லைட், கை சரியாகவே பிடிபடவில்லை. வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் நகர்த்தினால் வெயில் நேராக விழுகிறது, லென்ஸில் வெயில் பட்டால் உள்ளே திரை எரிந்து கறை விழுந்துவிடும் என்று அவர்களே தடுத்தார்கள். துணிக் கையுறையோடு வந்தவர்களுக்குக் கழற்றச் சொல்ல வேண்டியிருந்தது. கையை மட்டும் நம்பாதீர்கள், ஒரு கன்ட்ரோலராவது கூடவே வையுங்கள்.

---

சிப்புட்_பையன்

அக்கா, கொடி விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டு அப்புறம் என் வடிவமைப்பைத் திறந்து பார்த்தால் அதிலும் கொடிதான் இருக்கிறது. எடுத்துவிட்டேன்.

பாயான் அண்ணே, டெக்ஸ்சர் 4096 தான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள். சர்ஃபேஸ் ஸ்வாப்செயின் என் கருவியின் நீட்சிப் பட்டியலில் இருக்கிறது. யூனிட்டியை விட்டு நேட்டிவ்வாகவே போகலாம் என்று யோசிக்கிறேன், பாடம் எழுதுகிறவர்கள் கத்துவார்கள். கோடோ யோசனையை அவர்களிடம் கேட்கிறேன். "விரல் யாருக்குச் சொந்தம்" என்று சொல்லிவிட்டு அதை விளக்காமல் விட்டுவிட்டீர்களே?

---

பாயான்_நிழலி

வேலைக்குப் போக வேண்டியிருந்தது, அதான் விட்டுவிட்டேன்.

கைப்பேசியில் கண்ணாடி விரலை நிறுத்துகிறது. இங்கே எதுவும் நிறுத்தாது, விரல் பொத்தானைத் துளைத்துக்கொண்டு பின்னால் இருக்கும் பட்டியலுக்குள்ளும் போகும். ஓபன்எக்ஸ்ஆர் ஒரு கைக்கு 26 மூட்டுகளைக் கொடுக்கிறது, உனக்கு வேண்டியது ஆள்காட்டி விரல் நுனி. அது முன்பக்கம் இருந்து தளத்தைத் தாண்டினால் மட்டும் அழுத்தம், பின்னால் இருந்து வந்தால் கணக்கில்லை. தாண்டிய இடத்திலேயே விடுவிக்காதே, ஒரு சென்டிமீட்டர் போல வெளியே வந்த பிறகு விடுவி, இல்லையென்றால் கை நடுக்கத்தில் ஒரு அழுத்தம் மூன்றாகும். ஒரு விரலை ஒரு பொத்தான் பிடித்துவிட்டால் விடும் வரை அந்த விரல் அதற்கே. இந்த முடிவை பொத்தானுக்குள் எழுதாதே. நடுவில் ஒருத்தர் எல்லா விரல், கதிர் (தூரத்தில் சுட்டும் கோடு), கன்ட்ரோலரையும் வாங்கிப் பங்கிட வேண்டும், பொத்தானுக்கு "தொடப்பட்டது, அழுத்தப்பட்டது, விடப்பட்டது" என்று மட்டும் போய்ச் சேர வேண்டும். அக்கா சொன்ன மாதிரி கன்ட்ரோலர் சேர்த்தாலும் பாடம் எழுதுகிறவர்கள் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது.

பார்வையால் தேர்வு செய்யும் கருவி நாளைக்கு வரும், அதற்கும் இப்போதே ஒரு இடம் விட்டு வை. ஆப்பிள் ஹெட்செட்டின் விஷன்ஓஎஸ்ஸில் பயனர் எதைப் பார்க்கிறார் என்று செயலிக்குச் சொல்லவே மாட்டார்கள், விரலைக் கிள்ளினால்தான் செய்தி வரும். பார்க்கும்போது பொத்தான் ஒளிர்வதைச் சிஸ்டமே செயலிக்கு வெளியில் வரைந்துகொள்கிறது. ஆகவே "ஒளிர்ந்தால் இப்படி இரு" என்பதைப் பண்பாக அறிவித்து வைக்கிற மாதிரி ஃபிரேம்வொர்க் இருந்தால் அங்கேயும் பிழைக்கும். ஒளிரும்போது ஒரு ஃபங்ஷனை ஓட்டு என்று எழுதியிருந்தால் அங்கே அதை யாரும் கூப்பிட மாட்டார்கள். தொடும் அளவுக்கு ஆப்பிள் 60 பாயின்ட் கேட்கிறது, ஹோலோலென்ஸ் வழிகாட்டியில் கை எட்டும் 45 சென்டிமீட்டரில் 1.6 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று இருக்கும். வெட்டு வேலைக் கைக்கு அதை இரட்டிப்பாக்கு.

அக்காவின் கைமாற்றுப் பிரச்சினைக்கு யூசர் பிரசன்ஸ் நீட்சி இருக்கிறது, தலையில் இருந்து கழற்றியதைச் சொல்லும். கழற்றினால் அந்த மதிப்பெண்ணைச் சேமி, மறுபடி மாட்டினால் "நீங்கள்தானா, வேறு ஆளா" என்று பெரிய இரண்டு பொத்தான். பலகை உயரத்தைத் தரையில் இருந்து அளக்காதே, மாட்டிய உடனே தலை இருக்கும் இடத்தில் இருந்து கீழே இறக்கு. இது ஃபிரேம்வொர்க்கின் வேலை, பாடத்தின் வேலை இல்லை.

கோடோவா நேட்டிவ்வா என்பதில் லினக்ஸ் தம்பி சொன்னதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கோடோ எடுத்தாலும் பங்கிடும் பகுதியை நீதான் எழுத வேண்டும், அதை மட்டும் எஞ்சினைத் தொடாத தனி நூலகமாக வைத்துக்கொள்.

---

கோப்பிக்கடை_லினக்ஸ்

அதுவரை ஒத்துக்கொள்கிறேன். எழுத்துரு பற்றி ஒன்று: நோட்டோ தமிழ், வங்காளம், தேவநாகரி மூன்றையும் செயலியோடு சேர்த்தே அனுப்பு, ஹெட்செட்டில் இருக்கும் என்று நம்பாதே. தோட்டத்தில் வைஃபை கிடைக்கும், தரவிறக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம்.